வலைக்கண்ணும் மாறுகண்ணும்: ஒரு ஆய்வுத் துறைக்கு வரைபடம் போடுவது எப்படி?



போன செமஸ்டர்ல எங்களுக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் கொடுத்தாங்க. ஏதாவது ஒரு துறையை எடுத்துக்கணும். அதுல இதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி, எந்தத் தலைப்பு வளருது, எது தேயுது, எதோட எது ஒட்டிக்கிட்டு இருக்குன்னு வரைபடமா போட்டுக் காட்டணும். வகுப்புல பாதிப் பேர் மெஷின் லேர்னிங் எடுத்தாங்க, மீதிப் பேர் மின்சார வண்டி பேட்டரி. நான் எடுத்தது மாறுகண்.

"உனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?"னு பக்கத்து பெஞ்ச்ல கேட்டாங்க. சம்பந்தம் இருக்கு. எனக்கு இடது கண்ணுல பார்வை கம்மி. ரெண்டரை வயசுல அந்தக் கண் மூக்குப் பக்கமா ஒதுங்க ஆரம்பிச்சிருக்கு. எங்க வீடு காசிமேட்டுல. அப்பா விசைப்படகுல போறவர், அம்மா விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலத்துக்குப் போயிடுவாங்க, என்னை வளர்த்தது ஆயாதான். "மாறுகண்ணு வந்த புள்ளைக்கு யோகம்டி, அது மேல கைய வெக்காத"ன்னு ஆயா சொன்னாங்க. யாரும் வைக்கல. ஆறாவது படிக்கும்போது ஸ்கூல்ல நடந்த கேம்ப்ல வலது கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னாங்க. பெரிய எழுத்தைத் தவிர ஒண்ணும் தெரியல. அந்தக் கண் சரியில்லைன்னு அன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. ப்ளஸ் டூ முடிச்சிட்டு கப்பல் வேலைக்கான படிப்புல சேரப் போனேன். மெடிக்கல்ல ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா சோதிச்சாங்க. அதோட முடிஞ்சுது. துறைமுகத்தைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதனால இந்தக் கட்டுரையில ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஆய்வுப் போக்குகளை வரைபடமாக்குற முறை. நீங்க எந்தத் துறையா இருந்தாலும் இது உதவும். இன்னொண்ணு, அந்த வரைபடம் எனக்குக் காட்டினதும், காட்டாம விட்டதும்.

மாறுகண்ணுன்னா என்ன?

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்குது. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 12. இவை எல்லாம் ஒரே நேரத்துல ஒத்து வேலை செஞ்சாதான் ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கும். அப்போ ரெண்டு கண்ணுலயும் விழுற படங்களை மூளை ஒண்ணா சேர்த்து ஆழத்தையும் தூரத்தையும் கணக்கிடுது. ரெண்டு கேமரா வச்சு ஸ்டீரியோ விஷன் பண்றோமே, அதே கணக்குதான்.

ஒரு கண் திசை மாறிட்டா மூளைக்கு ரெண்டு வேற வேற படம் வருது. பெரியவங்களுக்கு எல்லாமே ரெட்டையா தெரியும். குழந்தையோட மூளை வேற வழி கண்டுபிடிக்குது: ஒதுங்கின கண்ணுல இருந்து வர்ற படத்தை அடக்கி வச்சிடுது. குழந்தைக்குத் தொந்தரவே இருக்காது, விளையாடும், ஓடும், படம் வரையும். ஆனா உபயோகம் இல்லாத அந்தக் கண்ணோட பார்வை மூளைக்குள்ள வளராமலே நின்னுடுது. இதுக்குப் பேர் ஆம்ப்ளியோபியா, பேச்சு வழக்குல சோம்பேறிக் கண். கண்ணாடி போட்டாலும் உடனே தெளியாது, ஏன்னா கோளாறு லென்ஸ்ல மட்டும் இல்லை, மூளை கத்துக்காம விட்ட பாடத்துலயும் இருக்கு.

மருத்துவத்துல மாறுகண்ணுக்கு ஸ்ட்ராபிஸ்மஸ்னு பேர். உள்பக்கம் ஒதுங்கினா ஈசோட்ரோபியா, வெளிப்பக்கம் போனா எக்சோட்ரோபியா. மேலயோ கீழயோ போறதும் உண்டு. பல நாடுகள்ல எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தா, நூறு பேர்ல சுமார் ரெண்டு பேருக்கு இது இருக்கு. உங்க வகுப்புல 60 பேர்னா, ஒருத்தராவது இருக்க வாய்ப்பு உண்டு.

கட்டுரைகளை எண்ணுற அறிவியல்

கட்டுரைகளை எண்ணி ஒரு துறையோட போக்கைச் சொல்றதுக்கு பிப்லியோமெட்ரிக்ஸ்னு பேர். தமிழ்ல நூலளவியல்னு சொல்லலாம். இந்தப் பெயரை 1969ல வெச்சவர் ஆலன் பிரிட்சார்ட். ஆனா அதுக்கு 21 வருஷம் முன்னாடியே, 1948ல, இங்கிலாந்துல நடந்த ஒரு மாநாட்டுல 'லைப்ரமெட்ரி'ன்னு ஒரு துறை வேணும்னு சொன்னவர் நம்ம ஊர்க்காரர், சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்து, 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அவரோட பிறந்த நாளான ஆகஸ்ட் 12தான் தேசிய நூலகர் தினம். கணக்கு வாத்தியார் நூலகத்துக்குள்ள போனா எண்ணாம விடுவாரா!

அவருக்கு முன்னாடியும் எண்ணினவங்க இருக்காங்க. 1926ல லோட்கா, கொஞ்சம் பேர்தான் நிறைய எழுதுறாங்க, நிறைய பேர் ஒண்ணோட நின்னுடுறாங்கன்னு காட்டினார். 1934ல பிராட்ஃபோர்ட், ஒரு தலைப்புல வர்ற கட்டுரைகள்ல பெரும்பங்கு சில இதழ்கள்லயே குவியுதுன்னு காட்டினார். 1960கள்ல யூஜின் கார்ஃபீல்ட், யாரு யாரை மேற்கோள் காட்டுறாங்கன்னு பட்டியல் போடுற சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டு வந்தார். இன்னைக்கு நம்ம லேப்டாப்ல இலவசமா ஓடுற விஓஎஸ்வியூவர் மென்பொருள், நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழகத்துல வான் எக், வால்ட்மன்னு ரெண்டு பேர் உருவாக்கினது.

முதல் வேலை: வலையைத் தேர்ந்தெடு

காசிமேட்டுக்காரனுக்கு இந்த இடம் சுலபமா புரியும். நெத்திலிக்குப் போடுற வலையோட கண் சின்னது, வஞ்சிரத்துக்குப் போடுறது பெரிசு. எந்தக் கண் வச்ச வலையோ அதுக்கேத்த மீன்தான் வரும். "கடல்ல என்ன இருக்கு"ங்கிற கேள்விக்குப் பதில், கடலை மட்டும் இல்லை, வலையையும் பொறுத்தது. ஆய்வுத் தேடல்ல நீங்க டைப் பண்ற சொல்தான் வலை.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ரெண்டும் காசு கட்டணும். உங்க கல்லூரி நூலகத்துல இருக்கான்னு கேளுங்க. மருத்துவத் தலைப்புன்னா பப்மெட் இலவசம். நான் அதைத்தான் பயன்படுத்தினேன்.

மாறுகண்ணைத் தேடுறதுல உள்ள பொறிகளைப் பாருங்க. ஆங்கிலத்துல ஸ்ட்ராபிஸ்மஸ்னு எழுதுறவங்க உண்டு, ஸ்க்விண்ட்னு எழுதுறவங்க உண்டு, நேரா ஈசோட்ரோபியான்னே தலைப்பு வைக்கிறவங்களும் உண்டு. ஒரு சொல்லை மட்டும் போட்டா மத்ததெல்லாம் நழுவிடும். சரி, ஸ்க்விண்டையும் சேர்த்துக்கலாம்னு பொறியியல் கட்டுரைகளும் இருக்கிற ஸ்கோபஸ்ல போட்டீங்கன்னா வேற கூத்து. ஈசிஈ பசங்களுக்குத் தெரியும், ஆன்டெனா அலைக்கற்றை திசை விலகுறதுக்கு 'பீம் ஸ்க்விண்ட்'னு பேர். ரேடார்லயும் 'ஸ்க்விண்ட் கோணம்' உண்டு. மாறுகண்ணைத் தேடி வலை போட்டா ஆன்டெனாவும் ரேடாரும் சேர்ந்து ஏறும்.

இதுக்கு பப்மெட்ல ஒரு நல்ல வழி இருக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் அது எதைப் பத்தினதுன்னு ஒரு நிலையான சொற்பட்டியல்ல இருந்து தலைப்பு கொடுக்கிறாங்க. கட்டுரையாளர் ஸ்க்விண்ட்னு எழுதியிருந்தாலும் அது ஸ்ட்ராபிஸ்மஸ் தலைப்புக்குக் கீழதான் வரும். உள்பக்கம், வெளிப்பக்கம்னு உள்ள வகைகளும் அதுக்குள்ள அடங்கிடும். இந்தச் சொற்பட்டியலோட சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? மெஷ். ஆங்கிலத்துல மெஷ்னா வலைக்கண். யதேச்சையா அமைஞ்சதுதான், ஆனா எனக்கு மறக்கவே மறக்காது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிடுறேன். பப்மெட் ஒரு தடவைக்கு 10,000 பதிவுகளுக்கு மேல இறக்க விடாது. அதனால வருஷ வாரியா பிரிச்சுத் தேடி, தனித்தனிக் கோப்பா சேமிங்க. விஓஎஸ்வியூவர் பப்மெட் கோப்புகளை அப்படியே படிக்கும்.

ரெண்டாவது வேலை: எண்ணு, ஆனா சந்தேகத்தோட எண்ணு

முதல்ல எல்லாரும் போடுறது வருஷத்துக்கு எத்தனை கட்டுரைங்கிற வரைபடம். மேல ஏறும். உடனே "மாறுகண் ஆய்வு வேகமாக வளர்கிறது"ன்னு எழுதிடாதீங்க. மருத்துவக் கட்டுரைகள் மொத்தமுமே ஏறிக்கிட்டுதான் இருக்கு. அந்த வருஷத்தோட மொத்தக் கட்டுரைகளால வகுத்துப் பாருங்க. பங்கு ஏறினாதான் துறை வளருதுன்னு அர்த்தம். புது இதழ் தொடங்கினாலும் கோடு எகிறும். குழந்தைகள் கண் மருத்துவத்துக்கும் மாறுகண்ணுக்கும்னே இருக்கிற அமெரிக்கச் சங்கத்தோட இதழ் 1997ல தொடங்கினது. அதுக்கு அப்புறம் வந்த ஏற்றத்துல எவ்வளவு புது ஆய்வு, எவ்வளவு புது இடம்னு பிரிச்சுப் பார்க்கணும்.

கடைசி வருஷத்துல கோடு சரியும். அதுக்கும் பயப்படாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் காசிமேட்டுல விசைப்படகு மீன் ஏலம் விழுந்துடும். அதைப் பார்த்துக் கடல்ல மீன் தீர்ந்துடுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. படகு போகல, அவ்வளவுதான். அதே மாதிரி நடப்பு வருஷத்துக் கட்டுரைகள் இன்னும் பட்டியல்ல முழுசா ஏறலை. முடிஞ்ச வருஷத்தோட நிறுத்திக்கோங்க.

நாடுகளைப் பத்தி இன்னொரு பொறி. பப்மெட்ல 2014க்கு முன்னாடி பொதுவா முதல் ஆசிரியரோட முகவரி மட்டும்தான் பதிவாச்சு. அதுக்கு அப்புறம்தான் எல்லாரோட முகவரியும். அதனால "2014க்குப் பிறகு பன்னாட்டுக் கூட்டாய்வு திடீரென்று பெருகியது"ன்னு வரைபடம் சொன்னா, பெருகினது கூட்டாய்வா, முகவரியான்னு யோசிங்க. என் முதல் அறிக்கையில இந்த வாக்கியத்தை நான் அப்படியே எழுதிட்டேன். சார் சிவப்பு மை வச்சிருந்தார்.

மூணாவது வேலை: எதோட எது ஒட்டுது?

இதுதான் வரைபடத்தோட உயிர். ரெண்டு சொற்கள் ஒரே கட்டுரையில சேர்ந்து வந்தா அவற்றுக்கு நடுவுல ஒரு கோடு. நிறைய தடவை வர்ற சொல்லுக்குப் பெரிய வட்டம். ஒட்டுறவு அதிகமா இருக்கிற சொற்கள் பக்கத்துல பக்கத்துல வந்து ஒரே நிறக் குழுவா உட்காரும்.

ஒட்டுறவை எப்படி அளக்கிறது? சும்மா சேர்ந்து வந்த எண்ணிக்கையை எடுத்தா தப்பாயிடும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மொத்தம் 100 கட்டுரை. அதுல 'அறுவை' 80ல வருது, 'சோம்பேறிக் கண்' 20ல வருது, ரெண்டும் சேர்ந்து 16ல. இன்னொரு ஜோடி: 'ஈசோட்ரோபியா' 20ல, 'போட்டுலினம்' 10ல, சேர்ந்து 8ல. எது நெருக்கம்? 16 பெரிசுதான். ஆனா எந்த உறவும் இல்லாம தற்செயலா சேர்ந்தாலே முதல் ஜோடி 80 × 20 ÷ 100, அதாவது 16 தடவை சேர்ந்திருக்கும். உண்மையிலயும் 16தான், அப்போ விகிதம் 1. ரெண்டாவது ஜோடி தற்செயலா 20 × 10 ÷ 100, அதாவது 2 தடவைதான் வரணும், வந்தது 8. விகிதம் 4. நெருக்கமான ஜோடி இதுதான். விஓஎஸ்வியூவர் உள்ளுக்குள்ள செய்யுறது இந்த மாதிரிக் கணக்கைத்தான்.

முதல் தடவை ஓட்டினப்போ எனக்கு வந்த பெரிய வட்டங்கள் என்ன தெரியுமா? 'மனிதர்', 'ஆண்', 'பெண்', 'குழந்தை'. மெஷ் பட்டியல்ல கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரைக்கும் இந்த முத்திரைகளைக் குத்துறாங்க. ஏலக் கூடையில ஐஸை எடை போட்ட மாதிரி. அதையெல்லாம் நீக்கிட்டு, ஒரே பொருள் உள்ள சொற்களை ஒண்ணாச் சேர்த்து, மறுபடியும் ஓட்டினதுக்கு அப்புறம்தான் மீன் தெரிஞ்சுது.

வரைபடத்துல தெரியுற கதை

ஒரு பக்கம் தசையும் அறுவையும் சேர்ந்த குழு. இதோட வேர் பழசு. 1839ல பெர்லின்ல டீஃபென்பாக் மாறுகண்ணுக்கு முதல் வெற்றிகரமான தசை அறுவை செஞ்சார். நம்ம எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தொடங்கினது 1819ல. அப்போ அதுக்கு வயசு 20! ஆனா டீஃபென்பாக்கும் அந்தக் காலத்து எழும்பூரும் இந்த வரைபடத்துல இல்லை. பப்மெட்ல தேடக் கிடைக்கிறது பெரும்பாலும் 1940களுக்குப் பிறகு வந்தவைதான். வலைக்கு ஒரு ஆழம் இருக்கு, அதுக்குக் கீழ இருக்கிறது சிக்காது.

இன்னொரு பக்கம் சோம்பேறிக் கண், இருகண் பார்வை, மூளையோட பார்வைப் புறணி சேர்ந்த குழு. இதுக்கு அடித்தளம் போட்டவங்க ஹியூபல், வீசல். 1960கள்ல பூனைக்குட்டிகள்ல சோதிச்சாங்க. 1965ல கண் தசையை வெட்டிச் செயற்கையா மாறுகண் உண்டாக்கிப் பார்த்தப்போ, ரெண்டு கண்ணுக்கும் பதில் சொல்ற மூளைச் செல்கள் பெருமளவு குறைஞ்சு போயிருந்துச்சு. பார்வை வளர்ச்சிக்கு ஒரு காலம் உண்டு, அந்தக் காலத்துல ரெண்டு கண்ணும் ஒண்ணா வேலை செய்யணும்னு தெரிஞ்சது இப்படித்தான். 1981ல அவங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வட்டம், பேரைப் பார்த்தா ஆச்சரியப்படுவீங்க: போட்டுலினம் டாக்சின். ஆமா, நடிகர்கள் முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கிறதா பேசுறோமே, அதே போடாக்ஸ். சான்ஃபிரான்சிஸ்கோவுல ஆலன் ஸ்காட்ங்கிற கண் மருத்துவர், மாறுகண்ணுக்கு அறுவை இல்லாம ஒரு வழி தேடி, இழுக்கிற தசையைத் தற்காலிகமா தளர்த்த இந்த நஞ்சை மிகச் சிறு அளவுல பயன்படுத்தினார். 1989ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். முகச்சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002ல. ஒரு சின்னத் துறையில பிறந்த சொல் எப்படி வேற துறைகளுக்குப் பரவுதுன்னு காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கல.

சொற்களுக்கு வருஷ வாரியா நிறம் கொடுத்துப் பார்த்தா புது விஷயங்கள் ஓரத்துல தெரியும்: மரபணு ஆய்வு, மூளை எம்ஆர்ஐ, புகைப்படத்தை வச்சு மாறுகண்ணைக் கண்டுபிடிக்கிற டீப் லேர்னிங். நம்மளை மாதிரிப் பசங்களுக்கு வேலை இருக்கிற இடம் இந்தக் கடைசி ஓரம்தான்.

நாட்டுக் கணக்குல அமெரிக்கா முன்னணி. சமீப வருஷங்கள்ல சீனாவோட பங்கு வேகமா ஏறியிருக்கு. இது சொற்களையும் மாத்தும். ஐரோப்பிய வம்சாவளியினர்கிட்ட உள்பக்கம் ஒதுங்குறது அதிகம், கிழக்காசியாவுல விட்டுவிட்டு வெளிப்பக்கம் போறது அதிகம். யார் எழுதுறாங்களோ அவங்க ஊர்ல பார்க்கிற நோய்தான் வரைபடத்துல பெரிய வட்டம் ஆகுது. இந்தியாவுல இருந்தும் கட்டுரைகள் வருது. டெல்லி எய்ம்ஸ், ஐதராபாத் எல்.வி. பிரசாத், சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த்னு பெரிய மையங்கள் பேர் தெரியும்.

வரைபடத்துல தெரியாதது

ராத்திரி ரெண்டு மணிக்கு வரைபடம் முடிஞ்சுது. பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். அறுவையில எத்தனை மில்லிமீட்டர் தசையை நகர்த்தணும்னு அடர்த்தியா கட்டுரைகள். நான் தேடினது வேற: ஒரு குழந்தை ஏன் தாமதமா வருது? வீட்டுல யார் முடிவு எடுக்கிறாங்க? 'யோகம்'ங்கிற நம்பிக்கையை எப்படிப் பேசி மாத்துறது? அந்த மாதிரி சொற்கள் என் வரைபடத்துல வட்டமாவே வரல.

அதுக்கு ஒரு காரணம் என் வலை. ஒரு சொல் குறைஞ்சது ஐந்து தடவை வந்தாதான் காட்டுன்னு மென்பொருள்ல வரம்பு வச்சிருந்தேன். அதுக்குக் கீழ இருந்ததெல்லாம் வலைக்கண் வழியா வெளிய போயிடுச்சு. இன்னொரு காரணம், மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகள், முகாம் பதிவேடுகள், தமிழ்ல எழுதினவை எதுவும் பப்மெட்ல இல்லை. மூணாவது, கட்டுரையில இருக்கிறது ஆய்வாளரோட முகவரி, நோயாளியோட முகவரி இல்லை. காசிமேட்டுக் குழந்தை எழும்பூர்ல சிகிச்சை எடுத்து அது கட்டுரையாவே வந்தாலும், அதுல காசிமேடு வராது.

ஆய்வு வரைபடம் எங்கே நிறைய பார்த்திருக்காங்கன்னு சொல்லும். எங்கே பார்க்கணும்னு சொல்லாது. வெற்றிடம் இருந்தா அங்க பிரச்சினை இல்லைன்னும் அர்த்தம் இல்லை.

ஆனா ஒரு விஷயத்துல வரைபடம் எனக்குப் பெரிய உதவி பண்ணுச்சு. அடர்த்தியா இருந்த ஒரு இடத்துக்குள்ள போய்ப் படிச்சேன். 1997ல தொடங்கின பெடிக்ங்கிற குழந்தைகள் கண் நோய் ஆய்வுக் குழுவோட சோதனைகள். நல்ல கண்ணை மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குறதுதான் பழைய வைத்தியம். ஆனா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? 2003ல அவங்க காட்டினாங்க: ஏழு வயசுக்குக் கீழ, நடுத்தர அளவு குறை உள்ள குழந்தைகளுக்கு தினமும் 2 மணி நேரம் மூடினதும் 6 மணி நேரம் மூடினதும் நாலு மாசத்துல ஏறக்குறைய ஒரே பலன் தந்துச்சு. 2005ல இன்னொண்ணு: ஏழுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்கள்லயும் ஒரு பகுதியினருக்குப் பார்வை மேம்பட்டுச்சு. சின்ன வயசுலயே தொடங்கினா பலன் அதிகம், ஆனா ஏழு வயசோட கதவு அடைஞ்சிடும்னு சொல்றது சரியில்லை.

இதெல்லாம் நான் பால் குடிக்கிற வயசுலயே அச்சாகி வந்திருக்கு. எங்க தெருவுக்கு மட்டும் வரல. ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த விதிகள்ல ஒண்ணு, எழுதப்பட்டது அதுக்கான வாசகரைப் போய்ச் சேரணுங்கிறது. இந்தக் கட்டுரைகளுக்கு வாசகர் எங்க ஆயா. அவங்க கைக்கு அது போய்ச் சேரவே இல்லை.

அக்கா பையன்

ப்ராஜெக்ட் நடந்துக்கிட்டு இருந்தப்போதான் அக்கா வந்தாங்க. அவங்க பையனுக்கு மூணு வயசு. கிட்டக்க எதையாவது பார்த்தா கண் உள்ள ஒதுங்குது. அவங்க வீட்டுலயும் அதே பேச்சு, யோகம். ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு அக்காவுக்குப் பயம் வேற. நான் படிச்சதைச் சொன்னேன்: ரெண்டு மூணு வயசுல உள்பக்கம் ஒதுங்குற பல குழந்தைகளுக்குக் காரணம் ப்ளஸ் பவர். தெளிவா பார்க்கக் கண் சிரமப்படும்போது கூடவே உள்பக்கமும் திரும்பிடுது. சரியான கண்ணாடி போட்டாலே பலருக்கு நேராயிடும். எல்லா மாறுகண்ணும் கத்திக்குப் போறதில்லை.

எழும்பூருக்குக் கூட்டிட்டுப் போனோம். சொட்டு மருந்து விட்டுச் சோதிச்சாங்க. ப்ளஸ் பவர்தான். கண்ணாடி போட்டதும் கண் பெரும்பாலும் நேரா நிக்குது. பார்வை குறைஞ்ச கண்ணுக்காக நல்ல கண்ணை தினமும் ரெண்டு மணி நேரம் மூடச் சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஆயாதான் காவல். ஒட்டைப் பிச்சுட்டான்னா திரும்ப ஒட்டிவிட்டு, நெத்திலி ஆயும்போது பக்கத்துல உட்கார வச்சு எண்ணச் சொல்றாங்க. "இப்போ என்ன ஆயா சொல்ற, யோகம் போச்சா?"ன்னு கேட்டேன். "யோகம்தான்டா, மாமங்காரன் படிச்சிருக்கான்ல"ன்னாங்க. வாதாட முடியல.

உங்களுக்கு ரெண்டு வேலை

ஒண்ணு, வீட்டு வேலை. உங்க வீட்டுல, தெருவுல இருக்கிற குழந்தைகளைப் பாருங்க. பிறந்த முதல் மூணு நாலு மாசம் கண் அப்பப்போ அலையறது சகஜம். அதுக்கு அப்புறமும் ஒதுங்கினா, இல்லை எப்பவுமே ஒதுங்கியே இருந்தா, காத்திருக்காதீங்க. மூக்குத்தண்டு அகலமா இருக்கிறதால மாறுகண் மாதிரித் தெரியுற குழந்தைகளும் உண்டு. அது மாறுகண்ணா இல்லையான்னு கண் மருத்துவர் சொல்லட்டும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையா தெரிஞ்சா அன்னைக்கே போங்க. அரிதா அது கண் புற்றுநோயா இருக்கலாம், மாறுகண்ணும் அதோட அறிகுறிகள்ல ஒண்ணு. பெரியவங்களுக்குத் திடீர்னு கண் ஒதுங்கி எல்லாம் ரெட்டையா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி. 2013ல இருந்து பிறந்த குழந்தை முதல் 18 வயசு வரைக்கும் பரிசோதிக்கிற தேசியத் திட்டம் நடக்குது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் அந்தக் குழு வரும்போது தைரியமா கேளுங்க.

ரெண்டாவது, படிப்பு வேலை. உங்க வீட்டையோ தெருவையோ தொட்ட ஒரு தலைப்பை எடுங்க. எண்ணூர் சாம்பலா இருக்கலாம், திருவொற்றியூர் கடலரிப்பா இருக்கலாம், ஐஸ் தூக்கித் தூக்கி வர்ற முதுகு வலியா இருக்கலாம். வலையைக் கவனமா பின்னி, மேல சொன்ன மூணு வேலையையும் செய்யுங்க. அடர்த்தியான இடத்துல இருந்து ஒரு நல்ல கட்டுரையை எடுத்துப் படிச்சு, தேவைப்படுறவங்ககிட்ட அவங்க பேச்சுல சொல்லுங்க. வெற்றிடத்தைக் கண்டுபிடிச்சீங்கன்னா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கோங்க. எனக்கு என் தலைப்பு கிடைச்சிடுச்சு: மொபைல் கேமராவால குழந்தைகளோட கண் ஒதுங்குறதைக் கண்டுபிடிச்சு, தமிழ்ல பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்புற ஒரு சின்ன செயலி. முதல் சோதனைக்கு அக்கா பையன் தயார், பிஸ்கட் குடுத்தா போதும்.

உங்க வரைபடத்தை நம்ம இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல சேர்ந்து பார்ப்போம்.